கடைசிப் பக்கத்துக்கு முன்னால் எழுந்து போனவர்

எந்தச் செய்தியையும் அதன் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு எழுந்து போவது அவருடைய வழக்கம். பத்துமலையில் ஒரு தைப்பூசத்தன்று தொலைந்துபோன குழந்தையைப் பற்றி ஒருநாள் என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். மஞ்சள் சட்டை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை, ஒலிபெருக்கியில் தமிழிலும் மலாயிலும் மாறிமாறி வந்த அறிவிப்பு, ஆற்றங்கரையில் நிற்கமுடியாமல் உட்கார்ந்துவிட்ட தாய் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். கோப்பி ஆறிப்போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. "அப்பத்தான் ஒரு போலீஸ்காரரு கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தாரு" என்றவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"புள்ள கெடச்சுதா, இல்லியா?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க, ஐயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தக் குழந்தை கிடைத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று, காவடிகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் சட்டையை என் கண் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வழக்கம் எப்போதும் இப்படிச் சிரித்துவிட்டு விடக்கூடியதாக இருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, ஒருநாள் காலை இவர் என்னைத் தேடி வந்தார். நான் குடியிருந்த அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகியிருந்தது. படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "நேத்து அவரப் பாக்கப் போயிருந்தேன். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. உங்களக்கூட விசாரிச்சாரு. அப்புறம் டாக்டர் வந்தாரு..." என்றார். கொடுத்த கோப்பியைக் குடித்தார். கோப்பையைத் தாமே கழுவி வைத்தார். "ஒருதடவ போய்ப் பாருங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். நண்பர் கிடந்த கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். கையில் பழப்பையுடன் அந்தக் கட்டிலின் முன்னால் நின்றபோது செய்தியை முடிக்காமல் போனவர்மேல் எனக்கு வந்த கோபம் தணியப் பல மாதங்கள் ஆயின.

அவர் கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலில் பதிகம் ஓதுபவன். விழா மலர்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருவதும் உண்டு. அந்த இரண்டாவது வேலையின் பொருட்டே அவர் என்னிடம் வந்து சேர்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "துப்பறியும் நாவல், ஐயா. சொந்தமாப் போடுறேன். நீங்க பிழை பாக்கணும்" என்றார்.

"நான் சாமி பாட்டுப் பாடுறவன். கொல பண்ணவன எனக்கென்ன தெரியும்?"

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். இந்த மாதிரிக் கதையே படிக்காத ஆளு நீங்க. கடைசியில உங்க மொகத்தப் பாக்கணும்."

அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்று அப்போது நான் அறியவில்லை. கிள்ளானில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்கு முந்திய வாரம், உள்ளிருந்து பூட்டிய கடைக்குள் முதலாளி இறந்து கிடக்கிறார். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஒருவர், ஓயாமல் பசியோடு இருப்பவர், வழக்கை எடுத்துக்கொள்கிறார். முதலாளியின் தம்பி, கடைக் கணக்கர், தையற்காரர், எதிர்க்கடைக்காரர், வாசலில் பூக்கட்டும் பெரியவர் என்று ஐயத்துக்கு உரியவர்கள் வரிசையாக வருகிறார்கள். நான் முதல் பக்கத்திலிருந்து படித்திருந்தால் அவர் ஆசைப்பட்டது நடந்திருக்கும். ஆனால் தாள்களைப் படியெடுத்துக் கொடுத்த கடைப்பெண், இயந்திரத்திலிருந்து வந்த வரிசையிலேயே கட்டிக் கொடுத்துவிட்டாள். கடைசிப் பக்கம் மேலே இருந்தது. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு மேலே இருக்கும் தாள்தான் முதல் தாள். கொலையாளி கையில் விலங்கு மாட்டப்படும் வரியில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. சிவப்பு மையால் அதைச் சேர்த்தேன்.

அடுத்த வாரம் வந்தவர் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பரவால்ல, ஐயா. இன்னும் நெறைய பேரு இருக்காங்க" என்றார்.

அந்த நிறையப் பேரும் ஒரே மாலையில் தீர்ந்துபோனார்கள்.

நம் ஊரில் ஒரு தமிழ் நூலை வெளியிடுவதென்றால் மண்டபம் பிடிக்க வேண்டும். பதாகை கட்ட வேண்டும். கடவுள் வாழ்த்துப் பாட ஒருவரும் ஆய்வுரை ஆற்ற ஒருவரும் வேண்டும். வாழ்த்தை நான் பாடினேன். ஆய்வுரைக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். நல்ல மனிதர், நூலை வரிக்கு வரி படித்து, பக்கங்களுக்கு நடுவே வண்ணத் தாள்கள் செருகிக்கொண்டு வந்திருந்தார். நம்மவரிடையே ஆய்வுரைக்கு ஓர் எழுதாத விதி உண்டு. நூலை முழுதும் படித்துவிட்டதை ஆய்வாளர் அவையில் நிலைநாட்ட வேண்டும். முடிவைச் சொல்லாமல் இறங்கினால், மனிதர் பாதியில் மூடி வைத்துவிட்டார் என்று முன்வரிசை முணுமுணுக்கும். கவிதை நூலுக்கும் பயணக்கட்டுரைக்கும் இதனால் கேடில்லை.

தலைமையாசிரியர் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தடயமாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். மண்டபத்தின் பின்கதவு வழியாக வடை பொரியும் வாசம் வந்துகொண்டிருந்தும் கூட்டம் அசையவில்லை. மேடையில் பொன்னாடையும் மாலையுமாக உட்கார்ந்திருந்தவர் மட்டும் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"ஆக, அன்பர்களே, அந்தக் கொலையைச் செய்தவர் யார் தெரியுமா?" என்று தலைமையாசிரியர் நிறுத்தினார்.

"யாரு சார்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

மேடையில் இருந்தவர் பாதி எழுந்துவிட்டார். ஏதோ மாலை நழுவுகிறது என்று எண்ணி, பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைப் பிடித்து அமர்த்தினார். தலைமையாசிரியர் பெயரைச் சொன்னார். அதோடு விடாமல், எப்படிச் செய்தான், ஏன் செய்தான், எந்தத் தடயத்தால் பிடிபட்டான் என்பதையும் விளக்கினார். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

கூட்டம் எழுந்தபோது நூலாசிரியருடைய மனைவி பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தபடி, "பேசி முடிச்சிட்டாரா அண்ணே? தேத்தண்ணி ஆறிடும்னு பாக்குறேன்" என்றார். "முடிஞ்சிடுச்சும்மா" என்றேன். "நல்லா பேசினாரா?" என்று கேட்டார். நன்றாகவே பேசினார் என்று உண்மையைச் சொன்னேன்.

அதன்பின் நூல் வாங்க வரிசை நின்றது. கையெழுத்துப் பெற வந்தவர்கள், நூலைத் திறக்காமலேயே, கொலையாளியின் பெயரை அவரிடமே சொல்லிச் சொல்லி வியந்தார்கள். "அந்த ஆளுதான்னு நான் நெனைக்கவே இல்லண்ணே, சூப்பர்லா!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். அவர் ஒவ்வொருவருக்கும் "நன்றி, நன்றி" என்று சொல்லிக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததை, நான் மருத்துவமனைக் கட்டிலின் முன்னால் நின்றபோது என் முகத்திலும் யாராவது கண்டிருக்கக்கூடும்.

சில வாரங்களில் புதிய கடைசி அத்தியாயம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். இப்போது கொலையாளி வேறொருவர். எஞ்சிய படிகளில் பழைய பக்கங்களை அகற்றிவிட்டுப் புதியதை ஒட்டிவிடப் போவதாகச் சொன்னார்.

நான் படித்துப் பார்த்தேன். "அஞ்சாவது அத்தியாயத்துல பூட்டுல மெழுகு ஒட்டியிருந்ததே. இந்த ஆளுக்கும் மெழுகுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல, ஐயா."

"அப்ப அந்தக் குடை?"

"அதுவும் இல்ல."

"பின்ன எப்படிங்க இவரு?"

அவர் தாள்களை வாங்கி மடித்துக்கொண்டார். மறுமுறை வந்தபோது, ஒட்டிய பக்கங்களையும் கிழித்துவிட்டதாகச் சொன்னார். செய்யாதவன்மேல் பழி போட்ட நூலை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லையாம். இப்போது நூலில் கடைசி அத்தியாயமே இல்லை. அந்த இடத்தில், முடிவை அறிய விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலாசிரியரை நேரில் காணலாம் என்று ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது.

ஞாயிறுதோறும் அவர் வெள்ளைச் சட்டை அணிந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நானும் சில ஞாயிறுகளில் கிள்ளானுக்குப் போய் அவரோடு உட்கார்ந்தேன். கிள்ளான் வெயில் தகரக் கூரையில் இறங்கி அறையை வேகவைக்கும். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் அவர் சட்டைக்காலரைச் சரிசெய்துகொள்வார். ஒருநாள் உண்மையாகவே ஒருவர் வாயிற்கதவைத் தட்டினார். இவர் எழுந்து ஓடினார். வந்தவர் தண்ணீர் வடிகட்டி விற்பவர். அவரையும் உட்காரவைத்து, "துப்பறியும் கதை படிப்பீங்களா, தம்பி?" என்று கேட்டார். "எங்க அங்கிள் நேரம்? மூவி ரிவியூ மட்டும் பாப்பேன். அதுலயே ஃபுல் ஸ்டோரி சொல்லிடுவாங்க" என்றார் வந்தவர்.

அன்றுதான் அவரிடம் கேட்டேன், இதில் என்ன இருக்கிறது என்று. நாங்கள் ஓதும் பதிகங்களில் கடைசிப் பாட்டு, பாடுவதன் பயனைச் சொல்லும். முதற்பாட்டைத் தொடங்கும்போதே அது எங்களுக்குத் தெரியும். ஆயிரம் முறை பாடியபின்னும் அந்தக் கடைசிப் பாட்டுக்கு வரும்போது நெஞ்சு நெகிழத்தான் செய்கிறது. முடிவு தெரிந்துவிட்டால் இனிப்புக் குறைந்துவிடும் என்பது எனக்குப் புரியாத கணக்கு.

அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"கோர்ட்டுல ஜட்ஜ் மலாயில தீர்ப்பப் படிச்சு முடிச்சிருவாரு, ஐயா. வக்கீலுக்குத் தெரிஞ்சிரும், போலீசுக்குத் தெரிஞ்சிரும், வேடிக்க பாக்க வந்தவனுக்கும் தெரிஞ்சிரும். கூண்டுல நிக்கிறானே, ஊருலேருந்து பெர்மிட்டுல வேலைக்கு வந்தவன், அவனுக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் அவனப் பாப்பாங்க. அவன் என் வாயப் பாத்துக்கிட்டு நிப்பான். நான் தமிழ்ல சொல்லணும்."

விசிறியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அந்த மாதிரி எத்தன மொகம். ஒருதடவயாச்சும் முடிவு தெரியாத ஒரு மொகத்துல, தெரியவரும்போது ஒரு சந்தோஷம் வரணும். அதுக்குத்தான் எழுதினேன். கொலக் கதையில எப்படி சந்தோஷம்னு கேக்காதீங்க. வரும். 'அட, இவனா'ன்னு சிரிப்பாங்க பாருங்க, அது."

அன்று அவர் பேச்சை முடித்துவிட்டே எழுந்தார் என்பதைத் திரும்பும் ரயிலில்தான் உணர்ந்தேன்.

பின்னர் அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. கிள்ளானிலேயே ஓர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாரத்தில் பல நாள்கள் போகவேண்டியிருந்தது. இயந்திரத்தோடு கையைப் பிணைத்துச் சாய்நாற்காலியில் படுக்கவைப்பார்கள். வந்தவர்கள் காத்திருக்க வெளியே நெகிழி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவே கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடி வழியாக அவருடைய நாற்காலி தெரியும். இறங்கிக்கொண்டே போகும் ஓர் உடலைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதன் அசதி அங்கே காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். நான் வாய்க்குள் பதிகம் சொல்லிக்கொண்டிருப்பேன். இருவர் வேண்டுதலும் ஒரே நாற்காலியை நோக்கித்தான்.

அந்த அம்மாள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். கன்னியர் மடத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பேசியது தமிழ்தான். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கணவருடைய வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு அலுப்பும் சிரிப்பும் சேர்ந்து வரும். "என்னயக் கட்டிக்கிறேன்னுகூட இவரு சொன்னதில்லண்ணே. 'உங்கப்பாகிட்ட பேசிட்டேன்'னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. என்ன பேசினாருன்னு நானே எங்கப்பாகிட்ட போய்க் கேட்டுக்கிட்டேன்."

ஒருநாள் நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் கதையில என்னதான் எழுதியிருக்காருன்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றார்.

"அன்னிக்கு மண்டபத்துல முழுக்கச் சொன்னாங்களேம்மா."

"நான் எங்கண்ணே கேட்டேன்? வட போடறவன் லேட்டு. தேத்தண்ணிக்குச் சீனி பத்தல. பேச்சு முடியிற வரைக்கும் நான் பின்னாலதானே நின்னேன்."

அந்த மாலை எனக்கு முழுதாகத் திரும்பி வந்தது. முந்தானையில் கை துடைத்தபடி அவர் வந்ததும், நல்லா பேசினாரா என்று கேட்டதும் என் கண்முன்னே நடந்தவை. மூவாயிரம் தடவை நினைத்துப் பார்த்த மாலை அது. இந்த ஒன்றை மட்டும் நானும் பார்க்கவில்லை, அவர் கணவரும் பார்க்கவில்லை.

"அவருகிட்ட சொல்லலியா?"

"எப்படிண்ணே சொல்றது? படிச்சுக் காட்டுங்கன்னு கேட்டா, 'நீதான் அன்னிக்கே கேட்டுட்டியே'ன்னு மொகம் வாடிப்போயிடுவாரு. அவ்வளவு ஆசையா நடத்துன விழா. பொண்டாட்டிகூட உள்ள உக்காந்து கேக்கலன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடாது? ஆமான்னு சொல்லிட்டேன்."

நான் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கண்களை மூடிப் படுத்திருந்தார். காதருகே குனிந்து, "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முடிவு தெரியாது. அன்னிக்கு அவங்க மண்டபத்துக்குள்ளயே இல்ல" என்றேன்.

கண்கள் திறந்தன. எழுந்து உட்காரப் பார்த்தார். இயந்திரம் கூவியது. "அங்கிள், ஜாங்ஙான் கெராக்!" என்று மலாய்த் தாதி ஓடிவந்து, அசையாதே என்று அவர் தோளை அழுத்தினாள். அவளைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க படிங்க, ஐயா. பழசு. உண்மையான முடிவு. உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"இங்கயே, நான் பாக்குற மாதிரி உக்காந்து படிங்க."

அப்படித்தான் அந்த வாசிப்புத் தொடங்கியது. அவர் படுத்திருக்கும்போதெல்லாம் நான் வெளியே உட்கார்ந்து சில பக்கங்கள் படிப்பேன். அவர் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடையிடையே என்னை உள்ளே அழைப்பித்துக் குறை சொல்வார்.

"இழுக்காதீங்க, ஐயா. பதிகம் பாடற மாதிரி இருக்கு. அவன் கடைக்குள்ள வர்ற எடத்துல உங்க கொரல் கொழையுது. அவ கண்டுபிடிச்சிருவா."

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?"

"கேக்கல. உங்க கழுத்து சாயுது."

வாழ்நாள் முழுதும் ஒரு பெயரைச் சொல்லும்போது குரல் குழையவேண்டும் என்று பழகியவன் நான். குழையாமல் ஒரு பெயரைச் சொல்வது எவ்வளவு பாடு என்பதை அந்த நாள்களில் கற்றேன். வீட்டில் தனியே உட்கார்ந்து, ஐந்து பேருடைய பெயர்களையும் ஒரே தட்டையான குரலில் சொல்லிப் பழகினேன். என் துணைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் ஒருவரைப் பிடித்தார். "தையக்காரன்தான்ணே. என் ப்ளவுஸக் கெடுத்தான் பாருங்க ஒருத்தன், அதே புத்தி" என்பார். அடுத்த முறை, "இல்லலா, அந்தக் கணக்குப்புள்ள. ரொம்ப நல்லவன் மாதிரி பேசுறான்" என்பார். வீடு திரும்பும் வழியிலும் கணவரிடம் கேட்டு நச்சரிப்பாராம். "நீ என்ன நெனைக்கிற?" என்பதே பதில். கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக அந்தப் பதிலுக்குக் கோபம் வரவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசி அத்தியாயத்தைத் தொடங்கிய நாளில் என் நண்பர் மிகவும் சோர்ந்திருந்தார். உடம்பில் நீர் கோத்து முகம் ஊதியிருந்தது. இன்னொரு நாள் படிக்கலாமா என்று சைகையால் கேட்டேன். கட்டில்லாத கையைத் தூக்கி, படிங்க என்று காட்டினார்.

துப்பறிவாளர் ஐவரையும் துணிக்கடைக்குள் கூட்டி நிறுத்துகிறார். மெழுகைப் பற்றிச் சொல்கிறார். குடையைப் பற்றிச் சொல்கிறார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வரியில் அந்தப் பெயர் இருந்தது. தலையை நிமிர்த்தியபோது, செபமாலை மடியில் விழுந்துகிடக்க, அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் நோக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டையான குரலில் பெயரைப் படித்தேன்.

"ஐயோ ஜீசஸ்! அவனா?"

கை வாய்க்குப் போயிற்று. கண்கள் விரிந்தன. அதன்பின் அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். "அந்த மெழுகு! அன்னிக்கே சொன்னாரேண்ணே, அஞ்சாவதுலயே! நான்தான் விட்டுட்டேன்!" என்று என் கையில் அடித்தார். எழுந்து போய்க் கண்ணாடியோடு ஒட்டி நின்று, உள்ளே இருந்தவரை நோக்கி விரலை ஆட்டினார். அவர் சாய்நாற்காலியில் அசையாமல், தாதி சொன்னபடியே, கிடந்தார். முகம் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே. "மெழுகுன்னு சொல்லும்போதே தெரிஞ்சிருச்சா, இல்ல பேரு வந்தப்புறமா?"

"பேரு வந்தப்புறம்தான்."

"ம்" என்று தலையாட்டிக்கொண்டார்.

பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கடைசி அத்தியாயம் இல்லாத படிகள் இன்னும் சில இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து கேட்கவும் கூடும்.

அதன்பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு காலை தொலைபேசி ஒலித்தது. அந்த அம்மாள்தான். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். ஆயிற்று என்றேன். "நேத்து நல்லாத்தான் சாப்பிட்டாரு. விடியக்காலையில எழுப்பினேன்..." என்றார். பிறகு, "ஒருதடவ வந்துட்டுப் போங்கண்ணே" என்றார். இம்முறை நான் ஆரஞ்சு வாங்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவினர் கலைந்துபோனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். முன்னறையில் அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அந்த அம்மாள் உள்ளேயிருந்து நூலை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இன்னொருதடவ படிங்கண்ணே."

"முடிவு தெரியுமேம்மா."

"தெரிஞ்சா என்ன? முதல்லேருந்து படிங்க."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொடங்கினேன். தீபாவளிக்கு முந்திய வாரம், கிள்ளான் கடைத்தெரு, பூட்டிய கதவு. சில பக்கங்கள் கழிந்து அவன் கடைக்குள் நுழைந்தான். அந்தப் பெயரில் என் குரல் குழைந்தது. தடுப்பதற்கு யாரும் இல்லை.